வெள்ளம் அறுத்த ஒழுங்கையைத் திருத்துவது எப்படி: கிரவல் கொட்டுவதற்கு முன்னர் செய்ய வேண்டியவை

திருகோணமலை மாவட்டத்தின் தம்பலகாமத்தில் பிரதான வீதியிலிருந்து வயற்கரை வரை செல்லும் எங்கள் கிரவல் ஒழுங்கையில் பதினொரு குடும்பங்கள் வசிக்கின்றன. ஒரு கார்த்திகை மழையில் அதன் நடுப்பகுதி ஏறத்தாழ 60 அடி நீளத்துக்கு அறுந்து போனது. முச்சக்கரவண்டி உள்ளே வர மறுத்ததால் சமையல் எரிவாயு சிலிண்டரைத் தோளில் சுமந்து சென்ற நிலையில், தை பிறந்ததும் அவசரப்பட்டு ஆளுக்குக் கொஞ்சம் பணம் சேர்த்து ஏழு டிப்பர் கிரவல் கொட்டினோம். அடுத்த மாரியின் மூன்றாவது பெருமழையில் அந்தக் கிரவல் முழுவதும் பக்கத்து வயலுக்குள் போய்ச் சேர்ந்தது. காசு போனதோடு வயற்காரரின் ஏச்சும் மிஞ்சியது. இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தோம், அது இரண்டு மாரியைத் தாண்டி நிற்கிறது. எந்தச் சபையின் வீதிப் பட்டியலிலும் இல்லாத தனியார் ஒழுங்கையைச் சொந்தச் செலவில் திருத்த வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக, இரண்டாம் முறை நாங்கள் சென்ற வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

1. தண்ணீர் வடியும்போதே படம் எடுங்கள்

வெள்ளம் முற்றாக வற்றிய பிறகு எடுக்கும் படங்கள் குழியை மட்டுமே காட்டும். தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து ஏறியது, எந்த இடத்தில் ஒழுங்கையைக் கடந்தது, எந்தப் பக்கமாக இறங்கியது என்பவை ஓடும் தண்ணீரில் மட்டுமே தெரியும் என்பதால், கைப்பேசியில் திகதியும் நேரமும் பதியும்படி காணொளியாக எடுத்து வையுங்கள். வேலியில் சருகும் குப்பையும் தொங்கி நிற்கும் உயரத்தைக் கதியாலில் வண்ணப்பூச்சால் குறியிடுங்கள். நான்கு மாதம் கழித்து மதகு எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று பேசும்போது, அந்தக் கோடு ஒன்றுதான் உங்களிடம் இருக்கும் அளவு.

அதே வாரத்தில் கிராம உத்தியோகத்தரிடம் சேதத்தை எழுத்தில் அறிவித்து, கடிதத்தின் பிரதியில் அவருடைய ஒப்பத்தையும் திகதியையும் பெற்றுக்கொள்ளுங்கள். ஆட்கள் ஒழுங்கைக்குள் அகப்பட்டிருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைக்கலாம். தனியார் ஒழுங்கைக்கு நட்டஈடு கிடைக்கும் என்று நம்பி வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். அந்தக் கடிதத்தின் பயன் வேறு. பின்னர் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது அதுதான். அறுந்த இடத்தில் குடிநீர்க் குழாய் வெளியே தெரிந்தால் நீங்களே மண் போட்டு மூடாமல், நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் 1939 இலக்கத்தில் முறையிட்டுவிடுங்கள்.

2. ஒழுங்கை யாருடையது என்பதைக் காகிதத்தில் கண்டுபிடியுங்கள்

பலரும் தவிர்க்க நினைக்கும் படி இது. எங்களுக்கு அதிக காலத்தைத் தின்றதும் இதுதான். எல்லோரும் பல வருடமாக நடந்துபோகும் பாதை என்பதால் அது எல்லோருக்கும் சொந்தம் என்று எண்ணிவிடுகிறோம். பெக்கோ வந்து வாய்க்கால் வெட்டத் தொடங்கும்போதுதான், அது தன்னுடைய உறுதிக்குள் அடங்கிய காணி என்று ஒருவர் வேலியருகே வந்து நிற்பார்.

உங்கள் உறுதியையும் அதில் குறிப்பிடப்பட்டிருக்கும் நில அளவைப் படத்தையும் எடுத்துப் பாருங்கள். படத்தில் ஒழுங்கை தனித் துண்டாகக் காட்டப்பட்டு, அதைப் பொதுவாகப் பாவிக்கும் உரிமை உறுதியின் அட்டவணையில் எழுதப்பட்டிருந்தால் அரைவாசி வேலை முடிந்தது. அப்படி இல்லாமல் ‘வடக்கே ஒழுங்கை’ என்று எல்லையாக மட்டும் எழுதப்பட்டிருந்தால், அயலவர்களின் உறுதிகளையும் சேர்த்துப் பார்த்து, தேவையானால் காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதியைப் பெற்று, ஒழுங்கை எந்தக் காணியிலிருந்து பிரிந்தது என்று தேட வேண்டும். உறுதியில் எதுவுமே இல்லாமல் பத்து வருடத்துக்கு மேல் தடையின்றிப் பாவித்து வந்தால், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழியுரிமை கோர இடமுண்டு. ஆனால் அதை நிறுவ வேண்டிய இடம் நீதிமன்றம் என்பதால், திருத்த வேலைக்காக அந்தப் பக்கம் போகாமல் காணிக்காரரிடம் எழுத்தில் சம்மதம் பெறுவதே மலிவு.

திருகோணமலை மாவட்டத்தில் இன்னொரு வகையும் உண்டு. உங்களுடைய காணி உறுதிக்காணி அல்லாமல், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியாகவோ அளிப்புக் காணியாகவோ இருந்தால், நடுவில் செல்லும் பாதை பெரும்பாலும் அரச காணியில் ஒதுக்கப்பட்டதாக இருக்கும். அப்போது பேச வேண்டிய இடம் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவு. எங்கள் ஒழுங்கையில் முதல் ஏழு வீடுகள் உறுதிக்காணியிலும் கடைசி நான்கு வீடுகள் அனுமதிப்பத்திரக் காணியிலும் இருந்தன என்பதையே இப்படித் தேடியபோதுதான் அறிந்தோம்.

ஒழுங்கையைப் பிரதேச சபைக்குக் கையளித்துவிட்டால் என்ன என்று யாராவது கேட்பார்கள். நல்ல யோசனைதான், ஆனால் இரு பக்கத்துக் காணிக்காரர் எல்லோரும் எழுத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும், அகலம் போதுமானதாக இருக்க வேண்டும், சபை ஏற்றுக்கொள்ள வேண்டும். அது ஒரு பருவத்துக்குள் முடிகிற காரியமல்ல. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திருத்த வேலையைத் தனியாக நடத்துங்கள்.

3. பணத்துக்கு முன்னர் ஒப்பந்தம்

ஒரு தாளில் நான்கு விடயங்கள் இருந்தால் போதும்: என்ன வேலை, யார் எவ்வளவு தருவார், யாருடைய காணியோரமாக வாய்க்கால் போகும், அடுத்த வருடங்களில் பராமரிப்புக்கு யார் பொறுப்பு. எல்லோரும் அடையாள அட்டை இலக்கத்தோடு கையொப்பமிடட்டும். வெளிநாட்டில் இருப்பவர்களின் வெறுங்காணிகள் எல்லா ஒழுங்கையிலும் உண்டு. அவர்களிடம் வாட்ஸப்பில் குரல் பதிவாகப் பெறாமல், எழுதிக் கையொப்பமிட்ட தாளின் படத்தைப் பெறுங்கள்.

பங்கு பிரிப்பதில்தான் சண்டை வரும். வாசலில் இருப்பவர் ‘நான் இருபது அடிதானே பாவிக்கிறேன்’ என்பார். கடைசி வீட்டுக்காரர் ‘வெள்ளம் எல்லோருக்கும் பொது’ என்பார். இருவர் சொல்வதும் நியாயம் என்பதால் நாங்கள் செலவை இரண்டாகப் பிரித்தோம். தாம்போதிக்கும் (வெள்ளம் மேலாக ஓடிக் கடக்கும் கொங்கிறீட் தளம்) வாய்க்காலுக்கும் ஆன செலவு எல்லா வீட்டுக்கும் சமம். கிரவலுக்கான செலவு பிரதான வீதியிலிருந்து வீடு இருக்கும் தூரத்தின்படி. உழவு இயந்திரம் வைத்திருப்பவர் ஒருவர் கூடுதலாகத் தர முன்வந்தார். அதை எழுதியும் வைத்தோம்.

பணத்தை இருவர் கையொப்பமிட்டு எடுக்கும் வங்கிக் கணக்கில் வையுங்கள். வேலை தொடங்கும் முன்னர் முக்கால் பங்காவது சேர்ந்திருக்க வேண்டும். பாதியில் நிற்கும் கிரவல் வேலை, தொடங்காத வேலையைவிட மோசமானது. இணக்கம் வராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை, வழக்கைவிட விரைவாகவும் முடியும்.

4. தண்ணீருக்கு எங்கே போக விருப்பம் என்று பாருங்கள்

முதல் முறை நாங்கள் விட்ட பிழை இதுதான். தாழ்ந்த இடத்தை உயர்த்திவிட்டால் தண்ணீர் ஏறாது என்று நினைத்தோம். உயர்த்திய ஒழுங்கை வயலுக்கும் குடிமனைக்கும் நடுவில் அணைக்கட்டாக மாறி, ஒரு பக்கம் தண்ணீரைத் தேக்கி, கடைசியில் மிகப் பலவீனமான இடத்தில் வான் பாய்ந்து அறுத்துக்கொண்டு போனது. கிரவலுக்கு அணையாக நிற்கும் பலம் இல்லை.

எந்த வகை வெள்ளம் என்பதைப் பொறுத்துத் தீர்வு மாறும். மூதூர், வெருகல் பக்கங்களில் மகாவலி பெருகி வரும் வெள்ளம் பரந்து நின்று மெதுவாக வடியும். அங்கே பெரிய சேதம் ஊறிப்போன அடிமண்ணால் வருவது. தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் குளத்து நீரும் வயல்வாய்க்கால் நீரும் குறுகிய இடத்தால் வேகமாகக் கடக்கும். சேதம் ஓர் இடத்தில் ஆழமாக இருக்கும். நிலாவெளி, உப்புவெளி மணற்பாங்கில் ஒழுங்கையின் ஓரம்தான் முதலில் கரையும்.

வேகமாகக் கடக்கும் தண்ணீருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று குழாய் மதகு. எங்கள் ஒழுங்கைக்கு அடியில் யாரோ எப்போதோ போட்ட 6 அங்குல பிவிசி குழாய் ஒன்று இருந்தது. 24 அங்குலக் கொங்கிறீட் ஹியூம் குழாய் ஒன்றின் வாய்ப்பரப்பு அதைப் போலப் பதினாறு மடங்கு. அதோடு சிறிய குழாய் முதல் மழையிலேயே சருகும் பிளாஸ்டிக் போத்தலும் அடைத்துச் செத்துவிடும். 18 அங்குலத்துக்குக் குறைந்த குழாயை வாங்காதீர்கள். மண்வெட்டி விட்டுத் துப்புரவு செய்ய முடியாத குழாய் பயனற்றது. குழாயின் மேல் குறைந்தது ஓர் அடி இறுகிய மண் இருக்க வேண்டும், 50 அடிக்கு ஓர் அடி என்ற சரிவு வேண்டும், இரு வாயிலும் மண்ணைத் தாங்கும் தலைச்சுவர் கட்ட வேண்டும். தலைச்சுவருக்குச் செலவழிக்க மனமில்லாமல் விட்டவர்களின் குழாய்கள் வயலுக்குள் உருண்டு கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மற்றது தாம்போதி. தண்ணீரைத் தடுக்காமல், தாழ்ந்த இடத்தைத் தாழ்வாகவே விட்டு, அதன் மேல் கம்பி வலை போட்டு 6 அங்குலக் கொங்கிறீட் தளம் இட்டு, வெள்ளத்தை மேலாக ஓடவிடுவது. வருடத்தில் சில நாள் நனைந்து கடக்க வேண்டியிருக்கும், ஆனால் அறுந்து போகாது. தளத்தின் இரு விளிம்பிலும் இரண்டடி ஆழத்துக்கு நிலத்துக்குள் இறங்கும் தடுப்புச்சுவரும், தண்ணீர் விழும் பக்கத்தில் பெரிய கருங்கற்களும் கட்டாயம். இல்லாவிட்டால் தளத்தின் அடி தோண்டப்பட்டுப் பலகைபோல் ஒடியும். நாங்கள் தாம்போதியையே தெரிவுசெய்தோம், எங்கள் தாழ்வான இடத்துக்கு அதுவே பொருத்தம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

எந்த வழியானாலும், கீழ்ப்பக்கத்து வயற்காரரோடும் கமக்காரர் அமைப்போடும் வயலுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானையோடும் முன்கூட்டியே நின்று பேசுங்கள். உங்கள் தண்ணீர் போய் விழுவது அவர்களுடைய வாய்க்காலில்.

5. அனுமதிகள்

எல்லாம் எல்லோருக்கும் தேவையில்லை. உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் பாருங்கள்.

ஒழுங்கையை அகலமாக்க வயற்பக்கம் ஓர் அடி மண் போட்டாலும் அது நெற்காணியை நிரப்புவதாகும்; 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அதற்கு ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். கமநல சேவை நிலையத்தில் முன்னரே கேளுங்கள். நீர்ப்பாசன வாய்க்காலைக் கடந்தால் அதற்குப் பொறுப்பான திணைக்களத்தின் சம்மதம் வேண்டும். ஒழுங்கை ஏ அல்லது பி தர வீதியில் ஏறும் இடத்தில் வாய்க்காலை மூடவோ குழாய் போடவோ வேண்டுமானால் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் கேட்க வேண்டும். கடற்கரைப் பகுதியில் இருப்பவர்கள், கடலிலிருந்து 300 மீற்றருக்குள் செய்யும் வேலை கரையோர வலயத்துக்குள் வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

அலட்சியம் செய்யவே கூடாதது கிரவலுக்கான அனுமதி. கிரவல் அகழ்வதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். இரவில் மலிவாகக் கொண்டுவந்து தருவதாகச் சொல்பவரிடம் அது இருக்காது. பிடிபட்டால் வாகனம் பொலிஸ் நிலையத்திலும் வழக்கு நீதவான் நீதிமன்றத்திலும் இருக்கும், உங்கள் முற்பணம் எங்கே இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு பாரமும் இறங்கும் முன்னர் சாரதியிடம் போக்குவரத்து அனுமதிப்பத்திரத்தை வாங்கி, வாகன இலக்கத்தையும் திகதியையும் ஒப்பிட்டுப் படம் எடுங்கள்.

6. அளவையும் விலையையும் கியூப்பில் பேசுங்கள்

‘ஒரு டிப்பர் எவ்வளவு’ என்று கேட்டால் பதில் வரும், ஆனால் டிப்பருக்கு டிப்பர் கொள்ளளவு வேறு. ஒரு கியூப் என்பது 100 கன அடி. 400 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள ஒழுங்கைக்கு இறுகிய நிலையில் 6 அங்குலத் தடிப்பில் கிரவல் வேண்டுமானால் 400 × 10 × 0.5 = 2,000 கன அடி, அதாவது 20 கியூப். கொட்டும்போது தளர்வாக இருக்கும் கிரவல் உருளையின் கீழ் சுருங்கும் என்பதால் அதை 1.3ஆல் பெருக்கி 26 கியூப் என்று கேளுங்கள். 3 கியூப் டிப்பரில் ஒன்பது பாரம்.

வந்து நிற்கும் டிப்பரின் பெட்டியை அளவுநாடாவால் நீங்களே அளக்கலாம்: 12 அடி நீளம், ஏழரை அடி அகலம், 3.3 அடி உயரம் என்றால் 297 கன அடி, ஏறத்தாழ 3 கியூப். நாங்கள் அளந்த முதல் வண்டி, 3 கியூப் என்று சொல்லி வந்தது, இரண்டரைக்குச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. சாரதி கோபிக்கவில்லை, சிரித்தார்.

விலை தூரத்தோடு மாறுவதால் இங்கே தொகை எழுதுவதில் பயனில்லை. எங்கள் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் கிரவலுக்கும் அதன் ஏற்றுகூலிக்கும் போனது என்று மட்டும் சொல்லலாம். மூன்று பேரிடமாவது எழுத்தில் விலைகேட்டு, ஒவ்வொன்றிலும் இவை தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்: ஒரு கியூப் விலையில் ஏற்றுகூலி அடங்குமா, பெக்கோவுக்கு மணித்தியாலக் கட்டணமா, குறைந்தபட்ச மணித்தியாலம் உண்டா, ரோலரைக் கொண்டுவந்து திரும்பக் கொண்டுபோகும் கூலி யாருடையது, தண்ணீர் பவுசர் சேர்ந்ததா. ரோலர் வாடகையைவிட அதை ஏற்றி இறக்கும் கூலி சில வேளைகளில் உறைக்கும் என்பதால், பக்கத்து ஒழுங்கைக்காரரும் அதே கிழமையில் வேலை செய்தால் இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். முழுத்தொகைக்கு ஒப்பந்தம் பேசினால் இறுதிக் கால்பங்கை ரோலர் ஓடி முடியும் வரை கொடுக்காதீர்கள். எங்களிடம் முதல் முறை ஒருவர் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, கிரவலைப் பரப்பிவிட்டு, ரோலர் நாளைக்கு வரும் என்றார்.

7. கிரவலைக் கையால் சோதியுங்கள்

கிரவலில் கல், மணல், களி மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். கல் மட்டும் இருந்தால் சில்லு பட்டு ஓரத்துக்குத் தெறிக்கும். களி கூடினால் மழையில் சேறாகும். ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு கிரவலிட்டுத் தண்ணீர் நிரப்பிக் குலுக்கி வையுங்கள். கல்லும் மணலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் மெல்ல அடங்கும் களிப்படை மொத்த உயரத்தில் ஐந்தில் ஒன்றைத் தாண்டினால் வேறு இடம் தேடுங்கள். ஈரமாக்கிய களியை உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டும்போது தையல் நூலளவுக்கு மெல்லியதாக ஒடியாமல் நீண்டாலும் அப்படித்தான். இரண்டு அங்குலத்துக்குப் பெரிய கற்களை ஏற்றும் இடத்திலேயே நீக்கச் சொல்லுங்கள். கடல் மணல், குளத்து வண்டல் என்று யார் தந்தாலும் வேண்டாம்.

8. மாசி, பங்குனியில் வேலை

எங்கள் பக்கத்து மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை பெய்கிறது. தையில் அடிமண் இன்னும் ஊறியே இருக்கும்; அதன் மேல் ரோலர் ஓடினால் நிலம் மெத்தைபோல் அசையும். வைகாசிக்குப் பின்னர் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் தெளிக்கும் தண்ணீர் நின்ற இடத்திலேயே காய்ந்து போகும், பவுசர் செலவு இரட்டிப்பாகும். இடையிலுள்ள மாசியும் பங்குனியும்தான் பொருத்தமான காலம். அதே காலத்தில் பெரும்போக அறுவடை நடப்பதால் நெல் வெட்டும் இயந்திரமும் உழவு இயந்திரங்களும் ஒழுங்கையால் போகும். டிப்பர்களுக்கும் வேலை அதிகம். தையிலேயே முற்பதிவு செய்யுங்கள்.

வரிசை முக்கியம். முதலில் பக்கவாய்க்கால், பிறகு மதகு அல்லது தாம்போதி, கடைசியில் கிரவல். வாய்க்காலுக்கு 100 அடிக்கு 6 அங்குலமாவது சரிவு இருக்க வேண்டும். மேசன்மார் பாவிக்கும் தண்ணீர்க் குழாய் மட்டத்தால் அதை அளக்கலாம். வாய்க்கால் வெட்டச் சிரமதானம் நன்றாகக் கைகொடுக்கும். கொங்கிறீட் இட்டால் ஏழு நாளாவது நனைத்து வைத்து, பாரவாகனத்தை 28 நாளுக்குப் பிறகே விட வேண்டும் என்பதைக் கணக்கில் எடுங்கள். தாம்போதிக்கு அப்பாலுள்ள பகுதிக்குக் கிரவல் ஏற்றும் டிப்பர் அதன் மேலாகத்தான் போக வேண்டும்; மாசி முதல் கிழமையில் கொங்கிறீட் போட்டால்தான் பங்குனியில் கிரவல் வரும்.

கிரவலுக்கு முன்னர் சேற்றையும் மரவேரையும் அள்ளி அகற்றி, கால் புதையும் இடங்களைத் தோண்டிக் கருங்கல்லால் நிரப்பி, பழைய இறுகிய மேற்பரப்பைப் பெக்கோவின் பல்லால் கீறிவிடுங்கள். கீறாத பரப்பின் மேல் புதிய கிரவல் பொருக்குப்போல் உரியும். பின்னர் நான்கு அங்குலத் தளர்வான படைகளாக இரண்டு முறை பரப்பி, ஒவ்வொன்றையும் தண்ணீர் தெளித்து ரோலரால் ஆறு முதல் எட்டுத் தடவை இறுக்குங்கள். கையில் பிடித்த கிரவல் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. அதுவே சரியான ஈரம். எட்டு அங்குலத்தையும் ஒரே தடவையில் கொட்டி மேலே ரோலர் ஓட்டினால் மேற்புறம் மட்டும் இறுகி அடி தளர்ந்தே இருக்கும், பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்க வேண்டும். 10 அடி ஒழுங்கைக்கு நடு, ஓரத்தைவிட 3 அங்குலம் உயரமாக இருந்தால் போதும். நூல் பிடித்துப் பார்த்துவிட்டு ரோலர்காரரை அனுப்புங்கள். அவர் போன பிறகு மண்வெட்டியால் அதைத் திருத்த முடியாது.

9. முதல் மழை

முதல் பெருமழையில் குடை பிடித்துக்கொண்டு ஒழுங்கையின் முழு நீளத்தையும் நடந்து, தண்ணீர் தேங்கும் ஒவ்வோர் இடத்தையும் குச்சி நட்டுக் குறியுங்கள். வெயில் வந்ததும் அந்த இடத்தைச் சதுரமாக வெட்டி, ஈரக்கிரவல் இட்டுக் கைமொத்தால் இறுக்குங்கள். மேலே தூவி விட்டால் அடுத்த சில்லு அதை எறிந்துவிடும். இதற்காக இரண்டு கியூப் கிரவலை மிச்சம் பிடித்துத் தார்ப்பாயால் மூடி வையுங்கள், ஆனால் வாய்க்கால் ஓரத்தில் குவிக்க வேண்டாம். எங்கள் குவியலிலிருந்து வழிந்த மண்தான் முதல் வருடம் தாம்போதியின் மேல்வாயை அடைத்தது. இப்போது அந்தக் குவியல் என் வீட்டு மாமரத்தடியில் கிடக்கிறது. ஐப்பசி பிறக்கும்போது இரண்டு வீட்டுக்காரர் முறைவைத்து வாய்க்காலைத் துப்புரவு செய்கிறார்கள்.